பெர்சேபோலிஸ்: கதையைப் படித்தபின் படம் பார்க்கலாமா?

கேள்வி:
ஈரானில் வளர்ந்த மர்ஜான் சத்ரபி தன் வாழ்க்கையைச் சொல்லும் ‘பெர்சேபோலிஸ்’ சித்திரக்கதையை இரண்டு முறை படித்து, ஒவ்வொரு முகத்துக்கும் மனத்துக்குள் ஒரு குரலைக் கொடுத்துவிட்ட நான், 2007இல் வெளிவந்த அனிமேஷன் படத்தைப் பார்க்கத் தயங்குகிறேன். பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
தயங்காமல் பாருங்கள். வின்சென்ட் பரோனோவுடன் இணைந்து சத்ரபியே இயக்கியிருப்பதால், அந்தத் தடித்த கறுப்புக் கோடுகளின் அழுத்தம் திரையிலும் குறையவில்லை. பாட்டியின் உடைக்குள்ளிருந்து மல்லிகைப் பூக்கள் உதிரும் இடத்தில், தாளில் உறைந்து நின்றவை மெல்ல மிதந்து இறங்குவதைக் கண்டு கலங்கிவிட்டேன்.

பதில் 2:
எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்கியதால், நூலில் நாம் நின்று நிதானித்த, மர்ஜானின் வியன்னா நாட்கள் விரைந்து கடந்துவிடுகின்றன. ஆனால், விமான நிலையக் காட்சிகளுக்கு மட்டும் வண்ணம் தந்து, நினைவுகளைக் கறுப்பு வெள்ளையிலேயே விட்டது அருமையான முடிவு.

கேட்டவர்:
நன்றி. மல்லிகைக்காகவே இன்றிரவு பார்க்கிறேன்.