சர்ச்சிலின் போர் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க ஒரு புத்தகம் சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். சர்ச்சில் எழுதிய இரண்டாம் உலகப் போர் வரலாற்றில் (1948 முதல் 1953 வரை ஆறு பாகங்கள்) நான்காவதில் இருக்கிறேன். 1942 பிப்ரவரியில் பிரிட்டன் கையிலிருந்த சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த கட்டம். நடை அபாரம். ஆனால் அவர் அனுப்பிய தந்திகளும் குறிப்புகளும்தான் பக்கம் பக்கமாக வருகின்றன. தளபதிகள் எழுதிய பதில் பல இடங்களில் இல்லை. கேள்வி கேட்டவரே தீர்ப்பும் எழுதினால் எப்படி? ஐந்தாம் பாகத்தைப் புரட்டினால், 1943 வங்கப் பஞ்சம் பற்றிச் சொல்லும்படியாக ஒன்றுமில்லை.

சிங்கப்பூரில் சரணடைந்த தளபதி பெர்சிவல் பக்கத்து நியாயத்தையும் சொல்லும் புத்தகம் எது? தமிழ், ஆங்கிலம் எதுவானாலும் சரி. அப்புறம், 1959இல் வந்த ஒரே பாகச் சுருக்கத்தை வைத்திருப்பவர்கள் பொருளடக்கத்தைப் படமெடுத்துப் போட முடியுமா? சிங்கப்பூர் பகுதியில் எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.