‘ராம் டிராக்’ இழுவையா? ‘நுழைவுந்த விசை’ என்றொரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜெட் எஞ்சின்களின் உந்துவிசை அளவீட்டுக்காக நீங்கள் தொகுத்துவரும் தமிழ்ச் சொற்பட்டியலைப் படித்தேன். ‘ராம் டிராக்’ (ram drag) என்பதற்கு ‘மோதிழுவை’ என்று போட்டிருக்கிறீர்கள். ஓசை நன்றாக இருக்கிறது; பொருள்தான் இடிக்கிறது. ‘டிராக்’ வருகிற இடத்திலெல்லாம் இழுவை என்று எழுதிக்கொண்டே போனால், ஆங்கிலத்தில் உள்ள குழப்பமும் சேர்ந்தே தமிழுக்கு வந்துவிடும்.

எஞ்சினைத் தரையில் சோதனை மேடையில் பூட்டி ஓடவிட்டால் விசையை அளக்கும் லோட் செல் காட்டுகிற அளவை அப்படியே உந்துவிசை என்று எடுத்துக்கொள்ளலாம். சுற்றியுள்ள காற்று அசையாமல் நிற்பதால் கழிப்பதற்கு எதுவும் இல்லை. பறக்கும்போது அப்படியில்லை, விமானத்தின் வேகத்திலேயே காற்று எதிரே வந்து நுழைகிறது. ஒரு நொடியில் நுழையும் காற்றின் நிறையை அந்த வேகத்தால் பெருக்கி, நாசில் எனும் பின்முனைக் குழாய் வழியே வெளியேறும் தாரையின் மொத்த உந்துவிசையிலிருந்து கழித்தால்தான் நிகர உந்துவிசை கிடைக்கும். ‘ராம் டிராக்’ என்று கழிக்கப்படும் அந்தத் தொகைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

அதை இழுவை என்றால், எஞ்சினுக்குக் காற்றை உள்வாங்கும் காற்றேற்பு வாயை யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் மாணவர் மனத்தில் படம் விழும். நடப்பது நேர்மாறாகவும் இருக்கலாம். மாக் 2, அதாவது ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறந்த கான்கார்டு பயணிகள் விமானத்தில் உந்துவிசையின் ஏறத்தாழ 63 விழுக்காட்டைக் காற்றேற்பு அமைப்பும் 29 விழுக்காட்டை நாசில்களும் தந்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. எஞ்சினின் பங்கு வெறும் 8. இந்த உறுப்புகளுக்கு இடையே எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து இந்தப் பங்கீடு மாறும். ஆனாலும் இயற்பியல் தெளிவு: காற்றின் வேகம் குறைந்து அழுத்தம் ஏறும்போது, பின்னோக்கி விரியும் குழாயின் உட்சுவரை அந்த அழுத்தம் முன்னோக்கித் தள்ளுகிறது. முன்னே தள்ளும் உறுப்பின் பெயரில் இழுவையை எழுதி வைப்பானேன்?

‘நுழைவுந்தம்’ என்று பட்டியல் பற்றிய பேச்சில் ஒருவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. உந்தம் (momentum) பாடநூல்களில் வேரூன்றிய சொல். அலகு ஒத்துவரவில்லை என்ற மறுப்பும் நியாயமானதே. உந்தத்தின் அலகு வேறு, நாம் கழிப்பது நியூட்டனில். ஆகவே ‘நுழைவுந்த விசை’ என்று ஒரு சொல் கூட்டினால் போதும். ‘நுழைவுப் பிடித்தம்’ என்று சம்பளப் பட்டியல் பாணியில் வைக்கவும் எனக்கு ஆசைதான். மொத்தம், நிகரம் என்று கணக்குப்பிள்ளை மொழியில் தொடங்கிவிட்டோமே! ஆனால் அது விசை என்பது பெயரில் தெரியாது.

இவ்வளவு வாதாடுவதற்குக் காரணம் உண்டு. ஒரு ஸ்க்ராம்ஜெட் (உள்ளே காற்று ஒலியைவிட வேகமாக ஓடும்போதே எரிபொருளை எரிக்கும் எஞ்சின்) நொடிக்கு 1 கிலோ காற்றை ஏற்று, நொடிக்கு 3,000 மீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். தாரை 3,300 மீட்டர் வேகத்தில் வெளியேறட்டும். எரிபொருளின் நிறையையும் நாசில் முனையின் அழுத்த வேறுபாட்டையும் விட்டுவிடுவோம். மொத்த உந்துவிசை 3,300 நியூட்டன், நுழைவுந்த விசை 3,000, கையில் நிற்பது 300. தாரை வேகத்தை ஒரு விழுக்காடு கூட்டி அளந்துவிட்டால் பிழை 33 நியூட்டன். நிகரத்தில் அது 11 விழுக்காடு. இரண்டு பெரிய எண்களின் சிறிய வேறுபாடு என்பதால்தான் அதிவேக எஞ்சின்களில் அளவீடு இத்தனை தலைவலி. அதிவேகக் காற்றோட்டத்தைக் கணநேரம் உண்டாக்கும் அதிர்வலைச் சுரங்கங்களில் சோதனை சில மில்லிநொடிகளில் முடிந்துவிடுவது தனித் தொல்லை.

அடுத்து, காற்றேற்பைக் கடந்தபின் காற்றில் எவ்வளவு அழுத்தம் எஞ்சுகிறது என்பதற்குப் பட்டியலில் உள்ள ‘அழுத்த மீட்பு’ (pressure recovery). இதையும் மாற்றியே ஆக வேண்டும் என்பேன். ‘மொத்த’ என்பதை உந்துவிசைக்கு ஒதுக்கிவிட்டதால் இங்கே ‘தேக்க அழுத்தம்’ என்கிறேன்: ஓடும் காற்றை இழப்பின்றி நிறுத்தினால் கிடைக்கும் அழுத்தம். மாக் 3 வேகத்தில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் 36.7 மடங்கு. ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் ஒரேயொரு நேர்குத்து அதிர்வலையைக் கடந்தால் 0.328 பங்குதான் தேறும், அதாவது சுமார் 12 மடங்கு. அதேபோல் நிறுத்தினால் கிடைக்கும் தேக்க வெப்பநிலையோ கடப்பதற்கு முன்னும் பின்னும் ஒன்றே. ஆற்றல் எங்கும் போகவில்லை. வேலை செய்யும் திறன் போய்விட்டது, எண்ட்ரோபி கூடிவிட்டது. போனது திரும்பாதபோது மீட்பு எங்கிருந்து வந்தது? சாய்வு அதிர்வலைகளை அடுக்கி இழப்பைக் குறைப்பதே வடிவமைப்பாளரின் வேலை. காற்றேற்புகளுக்கான அமெரிக்க ராணுவத் தர வாய்பாடு மாக் 3-க்கு எதிர்பார்ப்பது சுமார் 0.81. இந்த எண்ணுக்குத் ‘தக்கவைப்பு விகிதம்’ பொருந்துகிறது. ‘எச்ச விகிதம்’ சுருக்கமானதுதான். ஆனால் விமானத்துக்குப் பக்கத்தில் எச்சம் என்றால் பறவைதான் நினைவுக்கு வரும். வேகம் குறைந்து நிலை அழுத்தம் உயர்வதை வேண்டுமானால் ‘மீட்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே அது உண்மை.

பட்டியலின் ‘வழிவிழுவை’ (spillage drag) குறித்து எனக்கு மறுப்பில்லை. காற்றேற்பு வாய் ஏற்காமல் ஓரமாக வழியவிடும் காற்றால் வருவது அசல் இழுவையேதான். பட்டியலில் அப்படியே இருக்கட்டும்.