புதுப்பிப்பு: 15 பல் முன் ஸ்ப்ராக்கெட், கொல்லிமலை ஏற்றத்துக்குப் பிறகு
என் பைக் 80 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 6,000 சுற்றுகளில் இரைகிறது, செயினை இழுக்கும் முன் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் 14 பல்லுக்குப் பதிலாக 15 பல் போடலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன், போட்டுவிட்டேன். பின்னால் அதே 42 பற்கள் இருப்பதால் இறுதி விகிதம் (பின் பற்களை முன் பற்களால் வகுத்தது) 3.0-இலிருந்து 2.8 ஆகி, அதே வேகத்தில் எஞ்சின் 5,600 சுற்றுகளில் நிதானமாக ஓடுகிறது.

ஆனால் 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில், முன்பு இரண்டாம் கியரிலேயே திரும்பிய இடங்களில் எஞ்சின் திணறி, செயின் வெடுக்வெடுக்கென்று இழுப்பதைக் கால்மிதியில் உணர்ந்தேன். முதல் கியருக்கு இறக்கினாலோ எஞ்சின் அலறுகிறது. ஸ்ப்ராக்கெட் எல்லா கியர்களையும் ஒரே விகிதத்தில் நீட்டுமே தவிர, முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் உள்ள இடைவெளியைத் தொடாது. அது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பற்களின் எண்ணிக்கையில் முடிவானது. உயர்வேகத்தில் காற்றின் தடையை வெல்ல மிச்சமிருக்கும் சக்தி குறைவு என்பதால் மேல் கியர்களை நெருக்கியும் கீழ் கியர்களை அகலமாகவும் வைப்பது வழக்கம், அந்த அகலம்தான் மலையில் உறுத்துகிறது.

என் ஸ்பீடோமீட்டர் முன்சக்கரத்திலிருந்து இயங்குவதால் பிழையில்லை. கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் வண்டிகளில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், கவனியுங்கள். அடிக்கடி மலையேறுபவர்களுக்கு இந்த மாற்றத்தை நான் சொல்லமாட்டேன். தினமும் நாமக்கல்–சேலம் சாலையில் போகும் எனக்கு 15 பல்லே இருக்கட்டும்.