புதுப்பிப்பு: பழைய வண்ணாரப்பேட்டை அறையில் இருந்த மண்ணுளிப் பாம்பு

எங்கள் மாணவர் விடுதியில் உடன் தங்கியிருக்கும் தம்பி மண்ணுளிப் பாம்பு வளர்க்கிறாரே, அது சரியா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று நீங்கள் பலரும் சொன்னதை எடுத்துக் கூறியதும், அவரே வனத்துறைக்குத் தகவல் தந்து, வந்த ஊழியரிடம் அதை ஒப்படைத்துவிட்டார். பிளாஸ்டிக் டப்பாவின் மணலுக்குள் தலையைப் புதைத்து, மழுங்கிய வாலை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு கிடந்தது, பாவம். அது நக்கினால் குஷ்டம் வரும் என்று அஞ்சி மாடிப்படியிலேயே நின்றுவிட்ட வீட்டுக்கார அம்மாவிடம், அது விஷமற்றது, அந்தப் பேச்சில் உண்மை இல்லை என்று ஊழியர் பொறுமையாக விளக்கியது எனக்கு மிகுந்த நிறைவளித்தது. இப்போது தம்பி வெளிநாட்டுப் பந்து மலைப்பாம்பு (ball python) வாங்கலாமா என்கிறார். அதற்கும் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு கட்டாயம் என்பதால், படிப்பு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.