புதுப்பிப்பு: மேட்டுப்பாளையம் ரயில் ரசிகர் சந்திப்பு, தேதி மாறுகிறது

நவம்பரில் கூடி, நீலகிரி மலை ரயிலில் குன்னூர் வரை போகலாம் என்று எழுதியிருந்தேன். அது ஜனவரி கடைசி ஞாயிறுக்குத் தள்ளிப்போகிறது. வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு–குன்னூர் இடையே மண் சரிந்தால் ரயில் ரத்து. வெளியூரிலிருந்து வருபவர்கள் பாடு திண்டாட்டம்.

டிக்கெட்டை அவரவரே எடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், ஒரு பதிவில் 6 பேர்தான். காத்திருப்புப் பட்டியலை நம்ப வேண்டாம்: சிறிய ரயில், இடம் குறைவு.

காலை 7.10க்குப் புறப்பாடு. 6.15க்கே நடைமேடைக்கு வந்துவிடுங்கள். படம் எடுக்கிறவர்கள் கவனிக்க: குன்னூர் வரை நீராவி எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளும். முன்பக்கம் போய் நின்றால் பெட்டிதான் கிடைக்கும்! பல்சக்கரப் பாதை (எஞ்சினின் பல்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்களைப் பிடித்து ஏறும் பாதை) கல்லாறில் தொடங்குகிறது. ஏற்றம் சுமார் 12க்கு 1, அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம். வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எஞ்சினை நிதானமாக எடுக்கலாம்.

தண்டவாளத்தில் இறங்கி நடக்கும் யோசனையைக் கைவிட்டாயிற்று. ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் அது குற்றம். சாலை வழியே காரில் வருகிறவர்கள் நீலகிரி இ-பாஸ் (வாகனம் நுழைய இணையத்தில் எடுக்கும் அனுமதி) எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், மலையில் தடை.