செண்டுமல்லி 14-க்கு வாங்கி 25-க்கு வித்தும் கையில காசு நிக்க மாட்டேங்குது. பூச்செடிக்கு எப்படிங்க விலை வெக்கறது?

பெருந்துறை செடிக்கடை:
வணக்கமுங்க. பெருந்துறை ரோட்டுல சின்னதா நர்சரி வெச்சிருக்கறனுங்க. மா, கொய்யா, தென்னை நாத்து எல்லாம் ஒழுங்கா ஓடுது, அதுல கொழப்பமில்லை. இந்த சீசன் பூச்செடிதான் பிரச்சனை. செண்டுமல்லி, பெட்டூனியா, டயாந்தஸ், சால்வியா, ஜீனியா எல்லாம் ஓசூர்ப் பக்கமிருந்து லோடு வருது. செண்டுமல்லி கவரோட 12 ரூபா, வண்டி வாடகையைப் பிரிச்சா செடிக்கு 2 ரூபா, ஆக அடக்கம் 14. நான் 30 சொல்லுவேன், "பாத்துப் போட்டுக் குடுங்க"ன்னு 25-க்கு எடுத்துட்டுப் போயிருவாங்க. 25-னாலும் செடிக்கு 11 ரூபா நிக்கோணுமல்லங்க? தை முடிஞ்சு நோட்டைப் பார்த்தா ஒண்ணுமே காணோம். விலையை ஏத்தலாம்னா, கொஞ்ச தூரத்துல டெம்போவுல வெச்சு அதே செண்டுமல்லிய 20-க்கு விக்கறாங்க. எல்லாச் செடிக்கும் ஒரே விலை வெக்கறதா, தனித்தனியா வெக்கறதா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கோபி அக்கா:
தம்பி, 14 அடக்கம்ங்கறது வண்டியிலிருந்து எறக்கற வரைக்கும்தான். எறக்குன பொறவு தண்ணி யாரு விடறா, மருந்து யாரு அடிக்கறா? 100 எறக்குனா எத்தனை முழு விலைக்குப் போகுது, எத்தனை குப்பைக்குப் போகுது? அதைச் சொல்லாம யாரும் உங்களுக்கு விலை சொல்ல முடியாது.

பெருந்துறை செடிக்கடை:
ஐப்பசி, கார்த்திகை மழையில 100-க்கு 15 அழுகிப் போயிருதுங்க்கா. இன்னொரு 15 பூ முத்தி, அடியிலை மஞ்சளாகி நிக்கும், 10 ரூபாய்க்குத் தள்ளி விட்டுருவேன். மீதி 70தான் 25-க்குப் போகுது. தண்ணி விட ஒரு அம்மா வர்றாங்க. அவங்க கூலி, மருந்து எல்லாம் சேர்த்துச் செடிக்கு 4 ரூபா ஆகும்.

திருப்பூர் காஸ்டிங்:
பனியன் கம்பெனியில காஸ்டிங் போடறதுதான் நம்ம பொழப்பு. வெட்டுல போற துணியைச் சேர்க்காம எவனும் பீஸுக்கு விலை சொல்ல மாட்டான். உங்க செடிக்கும் அதே கணக்குத்தாங்க.

100 செடிக்கு 1400, பராமரிப்பு 400, ஆக 1800 போட்டிருக்கீங்க. வந்தது 70 செடிக்கு 1750, தள்ளுன 15-க்கு 150, மொத்தம் 1900. 100 செடி வித்து மிச்சம் 100 ரூபா. இடத்து வாடகையும் கரண்டும் இதுக்குள்ளதான் வரோணும். நோட்டு பொய் சொல்லலைங்க.

அடக்கத்தை வாங்குன செடிக்குப் போடாதீங்க, முழு விலைக்கு வித்த செடிக்குப் போடுங்க. 1800-ல அந்த 150-ஐக் கழிச்சா 1650. அதை 70-ஆல வகுத்தா 23 ரூபா 57 காசு, 24-ன்னே வெச்சுக்கலாம். அதுதான் உங்க அடக்கம். 25-க்கு வித்தா நிக்கறது 1 ரூபா.

இன்னொண்ணு, நெறையப் பேரு சறுக்கற இடம். "40 சதவீதம் லாபம்"னு 24-ஓட 40 சதவீதத்தைக் கூட்டி 33.60-ன்னு போடுவாங்க. வித்த விலையில பார்த்தா அது 28 சதவீதம் சொச்சம்தான். வித்த விலையில 40 சதவீதம் நிக்கோணும்னா 24-ஐ 0.6-ஆல வகுக்கோணும். 40 ரூபா வரும்.

கோபி அக்கா:
கணக்கு சரிதானுங்க, கணக்கைக் காட்டி யாரும் செடி வாங்க மாட்டாங்களே. செண்டுமல்லி விலை ஊருக்கே தெரியும். 40-ன்னு சொன்னா வாங்க வந்த பொம்பளை பெட்டூனியாவையும் பார்க்காமத் திரும்பிப் போயிருவா, "கடையே விலை ஜாஸ்தி"ன்னு வேற சொல்லுவா. டெம்போக்காரன் கிட்டப் போட்டி வேண்டாம். அவனுக்கு வாடகையில்லை, மழைக்குக் கூரை போடோணும்ங்கற கவலையில்லை. செண்டுமல்லியை 30-லயே வெச்சுக்குங்க, ஆனா 25-க்குக் குடுக்காதீங்க. டயாந்தஸ், பெட்டூனியா, சால்வியாவுக்கு டெம்போவுல விலை கிடையாது. வாங்கறவங்களுக்கும் இன்ன விலைன்னு மனசுல ஒரு எண்ணமில்லை. அதுல 45, 50 வெச்சாலும் நல்ல செடின்னா எடுப்பாங்க. சம்பாதிக்கறது அதுலதான்.

திருப்பூர் காஸ்டிங்:
ஒத்துக்கறேங்க்கா. அந்த மத்த செடியெல்லாம் ஒத்தைச் செடி 40, மூணு எடுத்தா 100-ன்னு போட்டா? அடக்கம் அதே 24-ன்னு வெச்சா, செடிக்கு 33 விழுது, 9 ரூபா நிக்கும். பூச்செடியை ஒண்ணு மட்டும் யாரும் நடமாட்டாங்கல்ல. பேரம் பேசறவங்களுக்கும் நாமளே ஒரு வழி காட்டுன மாதிரி.

பொள்ளாச்சி நாத்துக்காரன்:
விலையை விடுங்க, அந்த 15 ஏன் அழுகுது? ஓசூர் நாத்துல பாதி நார்க்கழிவுலதான் வருது. மேல காஞ்ச மாதிரி வெளுத்துத் தெரியும், உள்ள விரலை விட்டுப் பார்த்தா சொதசொதன்னு இருக்கும். தண்ணி விடற அம்மா மேல மட்டும் பார்த்துட்டு ஊத்துவாங்க, மழை நாள்ல வேர் கருத்துப் போயிரும். கவரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்க, கனமா இருந்தா அன்னிக்குத் தண்ணி வேண்டாம். பெட்டூனியாவை மழை படற எடத்துல வெக்கவே கூடாது, பூவு ஒரே மழையில பிசுபிசுன்னு ஒட்டிக்கும்.

முத்திப் போற 15-க்கும் வழியிருக்கு. மொட்டா, ஒண்ணு ரெண்டு மட்டும் நெறம் தெரியற பருவத்துல லோடு கேளுங்க. முழுசா பூத்த செடி எறக்குன அன்னிக்கு அழகா இருக்கும், அடுத்த வாரம் தள்ளுபடிதான். பெரிய லோடு ஒண்ணா எடுக்காம பாதி பாதியா எடுங்க. வண்டி வாடகை கொஞ்சம் ஏறும், ஆனா அழுகறதுல 7 செடி காப்பாத்தி முழு விலைக்கு வித்தாலே அடக்கம் 24-லிருந்து 21 சொச்சத்துக்கு எறங்கிரும்.

தனித்தனி விலைன்னு கேட்டீங்களே, அது வேண்டாம். கவர் சைஸுக்கு ஒரு விலை போடுங்க. சின்னக் கவர், பெரிய கவர், சட்டி. செடிக்கு ஒண்ணுன்னு வெச்சா கடையில நிக்கற பையனுக்கே ஞாபகம் இருக்காது.

கோவை மொட்டைமாடி:
நான் வாங்கற ஆளு. ஒண்ணு மட்டும் சொல்றேன்: விலையை எழுதி வெய்ங்க. எழுதாத கடையில ஆளைப் பார்த்து விலை சொல்றாங்களோன்னு தோணும், அதனாலதான் பேரம் பேசறோம். ஐஸ் குச்சியில எழுதிச் சொருகி வெச்சிருந்தா நான் கேக்கறதேயில்லை, எடுத்து ஜிபே பண்ணிட்டு வந்துருவேன். பக்கத்துலயே "வெயில் வேணும், அரைநிழல் போதும்"னு ஒரு வரி இருந்தா 10 ரூபா ஜாஸ்தின்னாலும் பரவாயில்லை. வீட்டுக்குக் கொண்டு போயிச் செத்தாத்தான் 40 ரூபா வலிக்கும்.

பெருந்துறை செடிக்கடை:
எல்லாருக்கும் நன்றிங்க. செண்டுமல்லி 30 எழுதிப் போட்டுப் பேரமில்லைன்னு வெக்கறேன். மத்ததெல்லாம் சின்னக் கவர் 40, மூணு 100. அடுத்த லோடுலிருந்து பாதிதான் எடுக்கப் போறேன். அந்தம்மாகிட்டயும் கவரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லியாச்சு. சட்டியில வெச்சுக் குடுத்தா செடி, சட்டி சேர்த்து ஒரே விலை போடலாமுங்களா? ஜிஎஸ்டி எப்படி வரும்?

திருப்பூர் காஸ்டிங்:
செடிக்கு ஜிஎஸ்டி இல்லை, பிளாஸ்டிக் சட்டிக்கு உண்டு. குச்சியில ஒரே விலை எழுதுங்க, ஆனா பில்லுல செடி தனி, சட்டி தனின்னு போடுங்க. ஒண்ணா ஒரே விலையில பில்லு போட்டா மொத்தத்துக்கும் சட்டியோட வரி விழ வாய்ப்பிருக்கு. சரக்கு விக்கறவங்களுக்கு நம்ம ஊருல பதிவு வரம்பு வருசத்துக்கு 40 லட்சம். வெறும் செடி மட்டும் வித்தா பதிவே வேண்டாம். சட்டி, உரம்னு சேர்த்து விக்கறப்ப, வரியில்லாத செடி வித்ததும் அந்த 40-க்குள்ள சேரும். தென்னை நாத்து எவ்வளவு ஓடுதுன்னு பார்த்துட்டு ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.