முகவரி லேபிள் அடிக்க எது தோது? (சிப்ஸ், கருப்பட்டி பார்சல்)

ஈத்தாமொழி_சிப்ஸ்:

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேண்டும். ஈத்தாமொழியில் வீட்டிலேயே தேங்காய் எண்ணெயில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடுகிறோம். கூடவே கருப்பட்டியும் அனுப்புகிறோம். முக்கால்வாசி ஆர்டர் வாட்ஸ்அப்பில், மீதி ஒரு ஆன்லைன் விற்பனைத் தளத்தில் வருகிறது. சாதாரண நாளில் 15, 20 பார்சல் போகும். ஓணம் நெருங்கினால் 50 தாண்டும்.

இப்போது முகவரி எழுதுவது என் மாமியார். கையெழுத்து மணி மணியாக இருக்கும், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்று மணிக்குக் கூரியர் பையன் வந்து நிற்கும்போது பாதிப் பெட்டியில் இன்னும் முகவரி ஏறியிருக்காது. அவன் வண்டியை அணைக்காமலே வாசலில் நிற்பான். அந்தச் சத்தத்தில் மாமியாருக்குக் கை இன்னும் மெதுவாகிவிடும்.

பிள்ளைகளின் பள்ளி வேலைக்கு வாங்கிய இங்க் டேங்க் பிரிண்டர் வீட்டில் இருக்கிறது. அதில் சாதாரண தாளில் அடித்து, வெட்டி, செல்லோ டேப் போட்டு ஒட்டிப் பார்த்தோம். வெட்டி ஒட்டுவதற்குள் கையாலேயே எழுதி முடித்திருக்கலாம். டேப் போடாமல் விட்டால் மை கரைகிறது. நம்ம ஊரில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை.

தெர்மல் பிரிண்டர் வாங்கு என்கிறாள் தங்கை. வாங்கலாமா, ஏ4 ஸ்டிக்கர் தாளே போதுமா? இன்னொன்று, பாதிப் பேர் முகவரியைத் தமிழில்தான் அனுப்புகிறார்கள்.

வடசேரி_நைட்டி:

தெர்மல் வாங்குங்க அக்கா, யோசிக்கவே வேண்டாம். மை கிடையாது, டோனர் கிடையாது. 4க்கு 6 இஞ்ச் ரோலை மாட்டினால் ஒவ்வொன்றாக வரும், கிழித்து ஒட்ட வேண்டியதுதான். நான் துணி அனுப்புகிறேன். இப்போது கத்தரிக்கோலை எடுப்பது நூல் வெட்ட மட்டும்தான்.

தக்கலை_டிடிபி:

துணிக்கு அது சரி. எண்ணெய்ப் பலகாரத்துக்கு அப்படியே சொல்லிவிட முடியாது. அதைத் தெர்மல் வைத்திருக்கும் யாராவது சொல்லட்டும், நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன்.

தக்கலையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாண சீசனில் பத்திரிகை உறைக்கு முகவரி ஸ்டிக்கர் அடிப்பதுதான் பெரிய வேலை. அதில் பார்த்தவரை பிரிண்டர் கடைசிக் கேள்வி தங்கச்சி. ஒரு முகவரியை நீங்கள் எத்தனை தடவை தொடுகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. வாட்ஸ்அப்பைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தால், எவ்வளவு விலையுள்ள பிரிண்டர் இருந்தாலும் கூரியர் பையன் வாசலில் நின்றுகொண்டுதான் இருப்பான்.

கூகுள் ஃபார்ம் ஒன்று போடுங்கள். பெயர், வீட்டுப்பெயர் அல்லது கதவு எண், தெரு, ஊர், மாவட்டம், பின்கோடு, போன் எல்லாம் தனித்தனிக் கட்டமாக இருக்கட்டும். அடையாளத்துக்கும் ஒரு கட்டம் வையுங்கள், நம்ம ஆட்கள் 'சர்ச்சுக்குப் பின்னால், பழைய ரேஷன் கடை எதிரே' என்று எழுதாமல் விடமாட்டார்கள். பின்கோடு 6 இலக்கம், போன் 10 இலக்கம் இல்லாவிட்டால் ஃபார்ம் போகாதபடி அதிலேயே அமைக்கலாம். ஆர்டர் உறுதியானதும் அந்த லிங்கை அனுப்பினால் வாடிக்கையாளரே தட்டச்சு செய்துவிடுவார், விவரம் நேராக ஷீட்டில் வந்து விழும். வயசானவர்கள் ஃபார்ம் நிரப்பமாட்டார்கள். அவர்கள் முகவரியை மட்டும் வாட்ஸ்அப் வெப்பிலிருந்து நகலெடுத்துப் போடுங்கள்.

அப்புறம் அந்த ஷீட்டைப் பின்கோடு வரிசையில் அடுக்குங்கள். 560 பெங்களூரு, 600 சென்னை, 629 நம்ம மாவட்டம், 695 திருவனந்தபுரம் என்று தானாகப் பிரிந்து நிற்கும். லேபிளும் அதே வரிசையில் வரும், பெட்டியையும் அதே வரிசையில் அடுக்கினால் தேட வேண்டாம். டிராக்கிங் எண்ணுக்கும் ஒரு நிரல் வைத்தால் அதை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். 12 இலக்க எண்ணை எண்ணாகவே விட்டால் எக்செல் அதைப் புள்ளியும் 'E' எழுத்தும் போட்டுச் சுருக்கிக் காட்டும்.

இனி அச்சு. வேர்டில் மெயில் மெர்ஜ் (ஷீட்டில் இருக்கிற முகவரிகளைத் தானாக நிரப்பும் வசதி), அதில் லேபிள்ஸ். ஏ4 தாளில் 12 ஸ்டிக்கர் வருவது 100க்கு 44 மில்லிமீட்டர், பார்சலுக்கு அது போதும். 24 வருவது 64க்கு 34தான், நம்ம நீள முகவரி அதில் மூச்சு முட்டும். முதல் கட்டத்தில் விவரங்களை அமைத்ததும் 'அப்டேட் லேபிள்ஸ்' அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் மற்ற 11 கட்டமும் காலியாக வரும். அச்சடிக்கும்போது 'ஆக்சுவல் சைஸ்' தேர்ந்தெடுங்கள். 'ஃபிட் டு பேஜ்' இருந்தால் எல்லாம் கொஞ்சம் சுருங்கி, மேல் வரிசையும் கீழ் வரிசையும் கோட்டை விட்டு விலகும். முதலில் சாதாரண தாளில் ஒன்று அடித்து, ஸ்டிக்கர் தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

பாதி உரித்த ஸ்டிக்கர் தாளை லேசர் பிரிண்டரில் மறுபடி விடவே கூடாது. உள்ளே இருக்கிற சூட்டில் பசை இளகி, ஸ்டிக்கர் உருளையில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். 12 சேர்ந்தபிறகு ஒரே தடவையாக அடிப்பது நல்லது.

மழைக்கு லேசர்தான் உத்தமம், டோனர் கரையாது. சில இங்க் டேங்க் மாடல்களில் கருப்பு மட்டும் பிக்மென்ட் மையாக இருக்கும், அதுவும் ஓரளவு தாங்கும். அடித்துக் காய்ந்தபிறகு ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள், உங்கள் பிரிண்டர் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

ஈத்தாமொழி_சிப்ஸ்:

ஃபார்ம் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா. இன்று ராத்திரியே போட்டுவிடுகிறேன். தெர்மலுக்கும் எண்ணெய்க்கும் என்ன பகை?

மார்த்தாண்டம்_தேன்:

நான் சொல்கிறேன் அக்கா, தேன் அனுப்ப அதைத்தான் வைத்திருக்கிறேன். அந்தத் தாளில் நிறம் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. சூடு பட்ட இடம் கறுக்கும், அதுதான் எழுத்து. சூட்டில் கறுப்பதால், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ரோலை வைத்தால் அடிக்கும் முன்பே தாள் மங்கலாகிவிடும். எண்ணெய் பட்டால் நேர் எதிர், அடித்த எழுத்து வெளிறும். சிப்ஸ் பொட்டலம் கட்டின கையோடு லேபிளைத் தொட்டால் இரண்டு மூன்று நாளில் விரல் பட்ட இடம் மட்டும் காணாமல் போகும். அந்த இடத்தில் பார்கோடு இருந்தால் ஸ்கேன் ஆகாது.

அதனால் சிப்ஸ் கட்டுகிறவர் ஒருவர், லேபிள் ஒட்டுகிறவர் இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாமியாருக்கு இனி அந்த வேலையைக் கொடுக்கலாம். 'டாப் கோட்டட்' என்று கேட்டு வாங்கினால் மேலே ஒரு காப்புப் பூச்சோடு வரும், விலை கொஞ்சம் கூட. தெர்மல் லேபிள் மேல் செல்லோ டேப் வேண்டாம். பளபளப்பில் ஸ்கேனர் தடுமாறும், சில டேப்பின் பசையும் எழுத்தை வெளிறச் செய்யும்.

தமிழ் வரும். கம்ப்யூட்டரிலிருந்து டிரைவர் வழியாக அனுப்பினால் படமாகத்தான் போகிறது, பிரிண்டருக்குள் தமிழ் எழுத்துரு தேவையில்லை. ஆனால் பெரும்பாலான லேபிள் பிரிண்டர் 203 டிபிஐ, அதாவது மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. எழுத்து சின்னதாக இருந்து 'டார்க்னெஸ்' (அச்சின் கருமை அளவு) கூடினால் 'ணை', 'ஞ' எல்லாம் குழி அடைத்துக் கருப்புப் பொட்டாகிவிடும். எழுத்தளவை 11, 12 பாயிண்ட் வைத்து டார்க்னெஸைக் குறையுங்கள். வெளிமாநிலத்துக்குப் போகும் முகவரி ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், பெங்களூரில் டெலிவரி செய்கிறவருக்கு நம்ம எழுத்து தெரியாது.

விற்பனைத் தளம் கொடுக்கும் பிடிஎஃப் லேபிளை நீங்களாகப் பெரிதாக்கவோ சுருக்கவோ வேண்டாம், பார்கோடு கோடுகள் பிசிறடிக்கும். அந்தத் தளத்தின் அமைப்பிலேயே தெர்மல் அளவு இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள்.

பெட்டி மேல் முகவரி மட்டும் போதும். எங்கள் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து இங்கே பலர் அதையும் தேனீ படத்தையும் கூரியர் லேபிளில் போடுகிறார்கள். அதெல்லாம் பாட்டிலில் இருக்க வேண்டியது. வெளியே போட்டால் பின்கோடுக்குத்தான் இடம் குறையும்.

குழித்துறை_பழையபுத்தகம்:

தபாலில் அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. லேபிளின் மேல் பகுதியில் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். கவுண்டரில் 13 எழுத்து பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், இடம் இல்லாவிட்டால் அது பெயர் மேலேயே உட்காரும். பழைய லேபிள் மாதிரியில் 'பதிவுத் தபால்' என்று இருந்தால் எடுத்துவிடுங்கள். 2025இல் அது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது.

ஈத்தாமொழி_சிப்ஸ்:

சரி, இப்போதைக்கு 12 ஸ்டிக்கர் தாள், ஃபார்ம். ஈர விரலால் தேய்த்துப் பார்த்தேன், கருப்பு நிற்கிறது, முன்பு கரைந்தது கலர் மைதான். பெறுநர் முகவரியோடு நம்ம அனுப்புநர் முகவரியும் அந்த 44 மில்லிமீட்டரில் அடங்குமா?

தக்கலை_டிடிபி:

நெருக்கும். உங்கள் முகவரி மாறப்போவதில்லையே, அதை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து பெட்டியின் மடிப்பில் குத்திவிடுங்கள். முன்னாலேயே சும்மா இருக்கிற நேரத்தில் நூறு பெட்டிக்குக் குத்தி வைக்கலாம். ஸ்டாம்பில் போன் எண் பெரிதாக இருக்கட்டும்.